அண்ணாந்து குடிக்கக் கூடாதவர்கள்

விழுங்க முடியாத நோயாளிக்குத் தலையின் நிலையை மாற்றி உதவும் முறை

சாப்பிடும்போது புரை ஏறினால், "ஊரில் யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். உச்சந்தலையில் நாலு தட்டு தட்டி, "மேலே பார், மேலே பார்" என்பார்கள். உடனே தண்ணீர்ச் செம்பு வரும். எச்சில் படாமல் அண்ணாந்து இரண்டு மடக்கு குடித்தால் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை. பெங்களூரில் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் இரண்டு, மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களில்கூட இது மாறவில்லை. பேச்சில் பாதி கன்னடம் கலந்துவிட்டது. செம்பைத் தூக்கிக் குடிப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

நல்ல உடம்புக்காரருக்கு இதில் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. இருமுவார். கண்ணில் தண்ணீர் வரும். அத்தோடு போய்விடும். ஆனால் பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதக்காரர்கள், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள் இவர்களுக்கு அண்ணாந்து குடிக்கிற அந்த ஒரு மடக்குத் தண்ணீரே உயிருக்கு உலை வைத்துவிடலாம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். பக்கவாதம் வந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மகன் ஷிப்டுக்குப் போய்விட்டான். மருமகள் கார்மெண்ட்ஸ் பாக்டரியில். வீட்டில் இருப்பது பெரியவரின் சம்சாரம் மட்டும். அந்த அம்மாள் கணவரின் தலையை மடியில் தாங்கி, வாயைத் திறக்கச் சொல்லி, மேலே இருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுகிறார். ஆயுள் முழுக்க உதடு படாமல் குடித்தவர் அல்லவா! பெரியவரும் விழுங்குவது போலத்தான் தெரிகிறது. இருமல்கூட இல்லை.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். மூச்சு வாங்குகிறது. "பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். டாக்டர் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து நிமோனியா என்கிறார். குளிர் அல்ல காரணம். கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கிய தண்ணீரும், அதோடு போன வாய்க்கிருமிகளும்தான்.

பாசத்தோடு செய்த பணிவிடையே இப்படி வினையாக முடிகிற வீடுகள் பல. அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. தலையை எப்படி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

தொண்டையில் ஒரு ஜங்ஷன்

விழுங்குவது என்பது நாம் நினைக்காமலே நடக்கிற காரியம். ஆனால் அதன் உள்வேலை லேசானது அல்ல. மூக்கு மேலே இருக்கிறது. மூச்சுக்குழலோ கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. வாய் முன்னால் இருக்கிறது. உணவுக்குழலோ மூச்சுக்குழலுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே காற்று போகிற பாதையும் சோறு போகிற பாதையும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே கடந்தே ஆக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வண்டியை விட முடியாத ஜங்ஷன் அது.

விழுங்கும் அந்த ஒரு விநாடியில் என்ன நடக்கிறது? மூச்சு தானாக நிற்கிறது. குரல்வளை மேலேயும் முன்னாலேயும் ஏறி, நாக்கின் அடிப்பாகத்துக்குக் கீழே ஒளிந்துகொள்கிறது. உள்ளே குரல் நாண்கள் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. குரல்வளை மூடி என்கிற சிறு தகடு மேலே கவிழ்கிறது. அதே சமயம், எப்போதும் இறுக மூடியிருக்கும் உணவுக்குழலின் மேல்வாய் திறக்கிறது. உணவு இறங்கியதும் எல்லாம் பழையபடி. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது, தூக்கத்தில்கூட.

வாசகர்கள் இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். கழுத்தின் முன்னால் துருத்தி நிற்கும் குரல்வளை மேட்டில் இரண்டு விரலை லேசாக வைத்து, எச்சிலை விழுங்குங்கள். அது மேலே ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். இப்போது கூரையைப் பார்த்தபடி தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து விழுங்கிப் பாருங்கள். கஷ்டமாக இருக்கிறதா? கழுத்தின் முன்பக்கத் தசைகள் இழுபட்டிருப்பதால் குரல்வளை ஏறுவதற்குச் சிரமப்படுகிறது. நல்ல தொண்டைக்கே இந்தப் பாடு என்றால், பாதி செயலிழந்த தொண்டைக்கு எப்படி இருக்கும்!

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்குவதில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடுகிறது. அந்தச் சில வாரங்களைக் கிருமி தாக்காமல் தாண்ட வேண்டும். அங்கேதான் தலையின் நிலை உதவிக்கு வருகிறது. மருந்து இல்லை, ஊசி இல்லை, செலவும் இல்லை. ஆனால் ஆளைப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

முகவாய் நெஞ்சை நோக்கி

மிகவும் பழக்கத்தில் இருக்கிற முறை, முகவாயைக் கீழே இறக்கி விழுங்குவது. வாயில் ஒரு மடக்கு வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, முகவாய் நெஞ்சை நோக்கி இருக்கும்படி செய்து, பிறகு விழுங்க வேண்டும். விழுங்கி முடிக்கும் வரை தலையை நிமிர்த்தக் கூடாது. முதுகு நேராக இருக்க வேண்டும்; கூன் போட்டு மடங்கி உட்காருவது வேறு, முகவாயை இறக்குவது வேறு.

இதனால் என்ன லாபம்? பக்கவாதக்காரர்கள் பலருக்கு விழுங்கும் வேலை ஒரு விநாடி, இரண்டு விநாடி தாமதமாகத் தொடங்குகிறது. கேட் மூடுவதற்கு முன்னே வண்டி வந்துவிடுகிற கதை. தண்ணீர் அதற்குள் வழிந்து, திறந்திருக்கும் மூச்சுக்குழலில் இறங்கிவிடுகிறது. தலையைக் குனியும்போது நாக்கின் அடிப்பாகமும் குரல்வளை மூடியும் பின்னால் தள்ளப்பட்டு, மூச்சுக்குழலின் வாய் குறுகிப் போகிறது. தண்ணீரும் வாயின் முன்பக்கமே தங்குகிறது. விழுங்கத் தயாரான பிறகுதான் பின்னால் போகிறது.

இப்படிப்பட்ட முறைகளை ஊர் வைத்தியம் போல இல்லாமல், எக்ஸ்ரே படத்தில் பார்த்து நிரூபித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜெரி லோகெமன். அவர் டாக்டர் அல்ல, பேச்சுப் பயிற்சித் துறையைச் சேர்ந்தவர். விழுங்கும் கோளாறுகளைச் சோதிப்பது, சிகிச்சை செய்வது பற்றி 1983-ல் அவர் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் ஆதாரப் புத்தகம் ஆயிற்று. 2014-ல் அவர் காலமானார். "பேச்சு சொல்லிக் கொடுப்பவருக்கும் சோறு விழுங்குவதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நாக்கு, உதடு, குரல்வளை, மூச்சு இவற்றைக் கொண்டுதான் பேசுகிறோம். அவற்றைக் கொண்டேதான் விழுங்குகிறோம். அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்த வேலை ஸ்பீச் தெரபிஸ்டிடம் இருக்கிறது.

முகவாயை இறக்கினால் எல்லோருக்கும் பலிக்குமா? பலிக்காது. 1993-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மூச்சுக்குழலில் உணவு இறங்கிக்கொண்டிருந்த 30 நரம்பு நோயாளிகளைத் தலையைக் குனியச் சொல்லி எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். 15 பேருக்கு நின்றுவிட்டது. 15 பேருக்கு நிற்கவில்லை. குரல்வளையின் இரு பக்கமும், உணவுக்குழல் வாய்க்கு மேலே, இரண்டு சிறு பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் உணவு தேங்குகிறவர்களுக்குக் குனிவது உதவாது; தேங்கியது வழிந்து உள்ளே போகும். வெளியே இருந்து பார்க்கிற நமக்கு இரண்டு நோயாளிகளும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

திருப்புவது ஒரு பக்கம், சாய்ப்பது மறு பக்கம்

தொண்டையின் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருந்தால் வேறு முறை. தலையைப் பலவீனமான பக்கத்தை நோக்கித் திருப்பி, தோளைப் பார்ப்பது போல வைத்துக்கொண்டு விழுங்க வேண்டும். நல்ல பக்கத்துக்கு அல்ல. கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும். காரணம் எளிது. எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத் தொண்டை மடிந்து அடைபடுகிறது. சோறும் தண்ணீரும் மற்றப் பக்கமாக, அதாவது நல்ல பக்கமாக, இறங்குகின்றன. பழுதான லைனை மூடிவிட்டு எல்லா வண்டியையும் நல்ல லைனில் விடுவது போன்றது இது. லோகெமனும் அவருடன் இருந்தவர்களும் 1989-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இன்னொரு நன்மையும் தெரிந்தது. தலையைத் திருப்பும்போது உணவுக்குழல் மேல்வாயின் இறுக்கம் தளர்ந்து, அது கூடுதலாகத் திறக்கிறது.

அவர்கள் பார்த்த நோயாளிகளுக்கு வந்திருந்தது ஒரு விசித்திரமான பக்கவாதம். மூளையின் அடித்தண்டில், பக்கவாட்டில் ரத்த ஓட்டம் தடைப்படுவதால் வருவது. பெரும்பாலும் கைகால் விழுவதில்லை. தலை சுற்றும், குரல் கம்மும், சிலருக்கு விக்கல் நிற்காது. அப்புறம் சிலர் எழுந்து நடக்கக்கூடத் தொடங்குவார்கள். ஆனால் தன் எச்சிலை விழுங்க முடியாமல் கையில் டம்ளரோடு உட்கார்ந்து துப்பிக்கொண்டிருப்பார்கள். "நடக்கிறார், பேசுகிறார், சாப்பிட மட்டும் அடம் பிடிக்கிறார்" என்று வீட்டார் கோபித்துக்கொள்ளும் நோய் இது. அடம் அல்ல, தொண்டை அடைப்பு.

திருப்புவது பலவீனமான பக்கம் என்றால், சாய்ப்பது நல்ல பக்கம். காது தோளைத் தொடுவது போலத் தலையை நல்ல பக்கமாகச் சாய்த்தால், உணவு பள்ளத்தைத் தேடி ஓடும் தண்ணீர் போல அந்தப் பக்கமே இறங்கும். நாக்கும் தொண்டையும் ஒரே பக்கத்தில் பலவீனமாக இருப்பவர்களுக்கு இது. திருப்புவதையும் சாய்ப்பதையும் மாற்றிப் போட்டுக்கொண்டால் உதவி உபத்திரவம் ஆகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. "இடது கை விழுந்திருக்கிறது, ஆகவே இடது பக்கத் தொண்டைதான் பலவீனம்" என்று வீட்டில் தீர்மானிக்கக் கூடாது. பல சமயம் அப்படித்தான் இருக்கும். ஆனால் மேலே சொன்ன அடித்தண்டு பக்கவாதத்தில் கையையும் காலையும் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

அண்ணாந்து விழுங்கவே கூடாதா? அதற்கும் ஆள் உண்டு! புகையிலை, குட்கா, பான் மசாலா போட்டு வாய்ப் புற்று வந்து, நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டவர்கள். அவர்களுக்குத் தொண்டை நன்றாக இருக்கலாம். வாயில் இருப்பதைப் பின்னால் தள்ள நாக்குதான் இல்லை. சோறு வாயிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு முகவாயைத் தூக்கி அண்ணாந்து விழுங்கக் கற்றுத் தருகிறார்கள். கூடவே, விழுங்குவதற்கு முன் மூச்சை அடக்கி, விழுங்கியதும் ஒரு இருமல் இருமித் தொண்டையைச் சுத்தம் செய்யவும் பழக்குகிறார்கள். தொண்டை சரியாக மூடுகிறது என்று சோதனையில் தெரிந்தவருக்கு மட்டுமே இது. ஆக, பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்து நம் வீட்டு நோயாளிக்குச் செய்தால் நேர் எதிரான பலன் கிடைக்கலாம்.

இருமல் இல்லை என்றால் ஆபத்து இல்லையா?

தண்ணீர் மூச்சுக்குழலில் போனால் இருமல் வர வேண்டும். அதுதான் உடம்பின் காவல்காரன். ஆனால் நரம்பு பழுதானவர்களில் பலருக்கு அந்தக் காவல்காரனும் தூங்கிவிடுகிறான். சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். ஆகவே இருமலை மட்டும் நம்பிப் பயன் இல்லை. விழுங்கிய பிறகு பேசச் சொன்னால் தொண்டையில் தண்ணீர் கொழகொழப்பது போலக் குரல் ஈரமாகக் கேட்கிறதா? கன்னத்தின் ஓரத்தில் சோறு தங்கியிருக்கிறதா? முன்பு பத்து நிமிஷத்தில் சாப்பிட்டவருக்கு இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறதா? காரணம் தெரியாத காய்ச்சல் அடிக்கடி வருகிறதா? உடம்பு இளைக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனை தேவை.

சோதனை இரண்டு வகை. பேரியம் என்னும் வெள்ளை மாவுப் பொருளைத் தண்ணீரிலும் உணவிலும் கலந்து கொடுத்து, அது இறங்குவதை ஓடுகிற எக்ஸ்ரே படமாகப் பார்ப்பது ஒன்று. மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையை மேலே இருந்து பார்ப்பது மற்றொன்று. இது 1988-ல் இருந்து வழக்கத்துக்கு வந்தது. எக்ஸ்ரேயோ கேமராவோ ஓடும்போதே, "இப்போது குனிந்து விழுங்குங்கள், இப்போது இடது பக்கம் திரும்பி விழுங்குங்கள்" என்று ஒவ்வொரு நிலையாகப் பார்க்கலாம். எந்த நிலையில் பாதை சுத்தமாக இருக்கிறதோ, அதுவே அந்த நோயாளிக்கு உரிய நிலை. ஊகத்துக்கு இடமே இல்லை.

இந்த முறைகளின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மறதி நோயோ நடுக்குவாதமோ உள்ள 711 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி செய்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் சாதாரணத் தண்ணீரை விழுங்கினால் மூச்சுக்குழலில் போகிறவர்கள். முகவாயை இறக்கிச் சாதாரணத் திரவத்தை விழுங்கியபோதும் 68 சதவீதம் பேருக்கு உள்ளே போயிற்று. பழச்சாறு போலக் கெட்டியாக்கியதைக் கொடுத்தபோது 63 சதவீதம். தேன் போலக் கெட்டியாக்கியதைக் கொடுத்தபோது 53 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்றுமே பலிக்கவில்லை.

அப்படியானால் தேன் பதம்தான் சிறந்தது என்று தோன்றும். கதை அங்கே முடியவில்லை. அந்த ஆராய்ச்சியின் இரண்டாம் பகுதியில் 515 பேரை மூன்று மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். நிமோனியா வந்தவர்களின் விகிதத்தில் முகவாயை இறக்கியவர்களுக்கும் கெட்டித் திரவம் குடித்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் கெட்டித் திரவம் குடித்தவர்களுக்கு உடம்பில் நீர் வற்றுவது அதிகமாக இருந்தது. யாருக்குத்தான் கூழ் போன்ற தண்ணீரைக் குடிக்கப் பிடிக்கும்? தாகம் எடுத்தவன் கேட்பது தண்ணீரை அல்லவா! தலையின் நிலையை மாற்றி ஒருவர் சாதாரணத் தண்ணீரையே குடிக்க முடியுமானால் அது சின்ன லாபம் இல்லை.

டம்ளரா, டபராவா?

சமையலறையில் செய்ய வேண்டியதும் உண்டு. குனிந்து குடி என்று சொல்லிவிட்டு உயரமான ஒடுங்கிய டம்ளரைக் கையில் கொடுத்தால் நடக்காது. தண்ணீர் குறையக் குறைய விளிம்பு மூக்கில் இடிக்கும். தலை தானாக மேலே போகும். காபிக்கு வைத்திருக்கும் டபரா அகன்ற வாய் உள்ளது, தாழ்வானது. அதில் ஊற்றிக் கொடுத்தால் தலையைத் தூக்காமலே குடிக்கலாம். பாதி ஆனதும் மறுபடி நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பூன் இருக்கிறது. ஒரு ஸ்பூன், ஒரு விழுங்கு, வாய் காலியானது தெரிந்த பிறகு அடுத்த ஸ்பூன். நோயாளி எச்சில் படக் குடிக்க மாட்டேன் என்று பிடிவாதம் செய்தால் அவருக்கென்று ஒரு பாத்திரத்தை ஒதுக்கிவிடலாம்.

நின்றுகொண்டு ஊட்டுவது இன்னொரு பிழை. நிற்கிறவரைப் பார்க்க நோயாளி தலையைத் தூக்குவார். ஸ்டூல் போட்டு அவருக்கு எதிரே, கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்து, ஸ்பூனைக் கீழிருந்து கொண்டுபோனால், சொல்லாமலே முகவாய் இறங்கும். டி.வி.யை நிறுத்திவிட வேண்டும். சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. சாப்பிட்டதும் படுக்க வைக்காமல் அரை மணி நேரமாவது உட்கார வைக்க வேண்டும்.

நம் சாப்பாட்டில் நோயாளிக்குக் கஷ்டமானது, வேடிக்கையாக, ரசம் சாதம்தான். "லேசான ஆகாரம்" என்று முதலில் கொடுப்பதும் அதுதான். சாதம் வாயில் மெல்லப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ரசம் மட்டும் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும். அதற்குப் பதில் குழைய மசித்த பருப்புச் சாதம், கெட்டித் தயிர் விட்டுப் பிசைந்த சாதம், பதமாகக் காய்ச்சிய ராகிக் கூழ் இவை ஒரே பதமாக இறங்கும். புட்டு, பொரி, காய்ந்த ரொட்டித் தூள் ஆகாது, உதிரும். எந்தப் பதம் என்பதைச் சோதனை செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரை போடும்போது தலையைப் பின்னால் எறிந்து விழுங்குவது பலருடைய பழக்கம். காப்ஸ்யூல் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். தலையைக் குனிந்தால் அது மிதந்து தொண்டைப் பக்கம் வந்துவிடும். 2014-ல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தார் செய்த ஆராய்ச்சியில், குனிந்து விழுங்கிய பெரும்பாலோர் காப்ஸ்யூல் சுலபமாக இறங்கியதாகச் சொன்னார்கள். ஆனால் விழுங்கும் கோளாறு உள்ளவருக்கு மாத்திரையைத் தண்ணீரோடு கொடுக்கலாமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். பொடி செய்து கொடுப்பதற்கும் டாக்டரின் அனுமதி வேண்டும். சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது.

வாய் சுத்தத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். "சாப்பிடவே இல்லையே, பல் எதற்குத் தேய்க்க வேண்டும்?" என்கிறார்கள். மூக்குக் குழாயில் ஆகாரம் போகிறவருக்கும் எச்சில் தொண்டையில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அதில் உள்ள கிருமிதான் நுரையீரலைக் கெடுக்கிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 417 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆராய்ச்சி 2002-ல் வெளிவந்தது. சாப்பாட்டுக்குப் பின் பல் தேய்த்துவிடப்பட்டவர்களுக்கு நிமோனியா குறைவாகவே வந்தது.

எங்கே போவது?

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1974-ல் அந்த உருவத்தைப் பெற்ற இந்த மத்திய அரசு நிறுவனத்தில் பேச்சு, செவித் துறை தனியாக உண்டு. அதற்கு அருகிலேயே 1973-ல் ஏற்பட்ட கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி. சுமார் 140 கிலோமீட்டரில் மைசூர். அங்கே மானச கங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் 1965-ல் தொடங்கப்பட்டது. இந்தியா முழுவதும் வேலை பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்டுகளில் பலர் அங்கே படித்தவர்கள். பம்பாய்க்காரர்களுக்கு நாயர் ஆஸ்பத்திரியும், பாந்த்ராவில் 1983-ல் ஏற்பட்ட அலி யாவர் ஜங் நிறுவனமும் உண்டு.

பக்கவாதத்துக்காக எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாலும், வீட்டுக்கு அனுப்பும் முன்பு, "விழுங்குவதைச் சோதித்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அவசரத்தில் இது விட்டுப்போவது உண்டு.

பாஷை ஒரு தடை என்று தயங்கத் தேவையில்லை. "தலெ பக்கிசி, நுங்கி" என்பார் கன்னட தெரபிஸ்ட். தலையைக் குனிந்து விழுங்குங்கள் என்று அர்த்தம். நுங்குதல் என்றால் விழுங்குதல் என்பது பழைய தமிழிலும் உள்ள சொல்தான். ஆனால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் மட்டும் தடுமாற்றம் கூடாது. கன்னடத்தில் "எட" என்றால் இடது, "பல" என்றால் வலது. சந்தேகம் இருந்தால் நோயாளியின் கையைத் தொட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

யாருக்கு இந்த முறைகள் ஆகா என்பதும் முக்கியம். கழுத்து எலும்புத் தேய்மானமோ கழுத்தில் ஆபரேஷனோ உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் தலையைத் திருப்பக் கூடாது. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு எந்த நிலையிலும் வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. மறதி நோய்க்காரர் சொன்னதை அடுத்த வாய்க்குள் மறந்துவிடுவார். அவருக்கு ஒவ்வொரு ஸ்பூனுக்கும் சொல்ல வேண்டியிருக்கும். நோயாளி தேறத் தேற நிலையும் மாறலாம். சில வாரங்களில் மறுபடி சோதித்து, "இனி நிமிர்ந்தே சாப்பிடலாம்" என்று சொல்லக்கூடும்.

புரை ஏறி இருமுகிறவரை இருமவிட வேண்டும். முன்பக்கம் குனியச் செய்யலாம். இருமி முடிப்பதற்குள் தண்ணீர் கொடுக்கக் கூடாது. உச்சந்தலையில் தட்டுவதால் ஒரு பலனும் இல்லை. இருமவும் முடியாமல், சத்தமும் வராமல், முகம் நீலம் பாய்ந்தால் அது வேறு விஷயம், அடைப்பு. முன்னால் குனிய வைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் பலமாக ஐந்து தட்டு தட்ட வேண்டும். அப்படியும் வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கையைக் கோத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து தடவை அழுத்த வேண்டும். வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

வீட்டில் ஊட்டுகிறவர் ஒருவராக இருப்பதில்லை. காலையில் மருமகள், மத்தியானம் சம்சாரம், சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாள், ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்து பார்க்க வந்த தங்கச்சி. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிடலாம். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், முகவாய் எங்கே இருக்க வேண்டும், என்ன பதம், ஒரு தடவைக்கு எத்தனை ஸ்பூன், அடுத்த சோதனை என்றைக்கு. கன்னடம் மட்டும் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டு அம்மாள் ஊட்டுவதாக இருந்தால், கன்னடத்திலும் ஒரு தாள்.